முதல் வரியில் நின்றுபோன செய்தி

கடந்த ஆடி மாதம் ஒரு விடியற்காலை, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். 1990 இலக்கத்துக்கு அழைத்து, சுவசெரிய அம்புலன்ஸில் அவரைக் கொண்டுசென்று, மாரடைப்புத்தான் என்று வைத்தியர் உறுதிசெய்து சிகிச்சை தொடங்கிய பின்னரே எனக்குக் கைத்தொலைபேசியின் நினைவு வந்தது. ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் என்று பரந்து கிடக்கும் எங்கள் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் 63 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அழைத்துச் சொல்லத் தெம்பில்லாததால், "அப்பாவுக்கு மாரடைப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டிருக்கிறார்கள்" என்று தொடங்கி, அவர் நினைவோடு இருக்கிறார், கதைக்கிறார், இரண்டு நாள் கண்காணிப்புக்காகவே அங்கு வைத்திருக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் அதன் கீழே விளக்கமாக எழுதி அனுப்பினேன்.

இங்கே காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை. மாமியின் பூட்டிய திரையில் செய்தியின் முதல் வரி மட்டுமே தெரிந்திருக்கிறது. தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டாலே ஒப்பாரிக்கு ஆயத்தமான தலைமுறை அவர். மிகுதியைத் திறந்து பார்க்கவேயில்லை. நான் தேநீர் குடித்துவிட்டு விடுதி வாசலுக்குத் திரும்புவதற்குள் 41 தவறிய அழைப்புகள் வந்திருந்தன. மச்சான் விமானச் சீட்டு விலை பார்த்துக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது. நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதினேனே தவிர, படிப்பவர் முதலில் எதைத் தேடுவார் என்று யோசிக்கவில்லை.

அன்று மாலை தொடக்கம், ஆளின் நிலையையே முதல் வரியாக எழுதினேன்: "அப்பா எழும்பி இருந்து இரண்டு இடியப்பம் சாப்பிட்டார்." நோயின் பெயரும் மருந்தும் அடுத்த வரிகளுக்குப் போயின. நாளுக்கு ஒரு தடவை, மாலை ஆறரைக்கு மட்டும் எழுதினேன். அப்போது லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9 மணி, மெல்பேர்ணில் இரவு 11 மணி என்பதால் எவரும் நித்திரையிலிருந்து பதறி எழும்ப வேண்டியிருக்கவில்லை. நிர்வாகி மட்டும் செய்தி இடலாம் என்று குழுவின் அமைப்பையும் மாற்றிவிட்டேன். அதற்கு முன்னரே, பலதடவை பகிரப்பட்டதற்கான இரட்டை அம்புக்குறியோடு, மருதம்பட்டைக் கசாயம் இதய அடைப்பை மூன்று நாளில் கரைக்கும் என்ற செய்தி நான்கு நாடுகளிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. (நால்வரில் ஒருவர் மருந்தாளர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

படம் கேட்டவர்களுக்கு நான் அனுப்பவில்லை. சித்தப்பாவின் மகன் ஒக்சிசன் முகமூடியோடு ஒரு படம் எடுக்கப்போக, அப்பா கையால் மறைத்துக்கொண்டு, "இதென்ன, அஞ்சலிக்குப் போடுற படமே?" என்று கேட்டார்.

*

மேலே இன்னொருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது. நாங்கள் பருத்தித்துறை. தெல்லிப்பழையில் மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை பெற்ற காலத்தில், தன் நோயைத் தானே சொல்ல வேண்டும் என்று அக்கா நெருங்கிய ஆறு பேருக்குக் குரல் பதிவு அனுப்பினார். அது யார் கையால் போனதோ தெரியவில்லை, இரண்டாம் நாள் சந்தியிலுள்ள கடைக்காரர் என்னிடம் துக்கம் விசாரித்தார். பெறாமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, பேசிக்கொண்டிருந்த சம்பந்தமும் அந்தக் கிழமையே காரணம் சொல்லாமல் நின்றுபோனது. நோயைவிட அதுதான் அக்காவை வாட்டியது.

ஒருமுறை மட்டும் கேட்கக்கூடிய குரல் பதிவு 2023 மார்கழியில் வட்ஸ்அப்புக்கு வந்தது. அதை முன்னனுப்ப முடியாது. இப்போது கிளினிக் முடிந்து பேருந்துக்கு நிற்கும்போதே அக்கா அந்த முறையில் பேசி அனுப்புகிறார். எனக்குக் காது சற்று மந்தம். ஆகவே, வாகனச் சத்தம் ஓயும் வரை காத்திருந்துதான் அதைத் திறக்கிறேன்.