மங்க் விவாதத்தில் 36 சதவீதம் 30 ஆனது: இதை வைத்து யார் வென்றார் என்று சொல்லலாமா?

வாதமேடை (கேள்வி):

2018 மே 18 அன்று டொராண்டோ ராய் தாம்சன் அரங்கில் நடந்த மங்க் விவாதத்தை (கனடாவில் பொது அரங்கில் நடக்கும் விவாதத் தொடர்) கல்லூரிப் பேச்சு மன்றத்தில் திரையிட்டுவிட்டு, அதே பாணியில் தமிழில் ஒரு விவாதம் நடத்தத் திட்டம். அன்றைய தீர்மானம், "நீங்கள் அரசியல் சரிநிலை என்பதை நான் முன்னேற்றம் என்கிறேன்". (அரசியல் சரிநிலை, அதாவது political correctness: எந்தக் குழுவையும் புண்படுத்தாத சொல்லும் நடத்தையும் வேண்டும் என்ற போக்கு.) ஆதரித்தவர்கள் பத்திரிகையாளர் மிஷெல் கோல்ட்பெர்க், பேராசிரியர் மைக்கேல் எரிக் டைசன். எதிர்த்தவர்கள் உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன், நடிகரும் எழுத்தாளருமான ஸ்டீபன் ஃப்ரை. தொடங்கும் முன் எடுத்த வாக்கில் ஆதரவு 36, எதிர்ப்பு 64 சதவீதம். முடிந்தபின் 30, 70. எதிர்த்தவர்கள் வென்றதாக அறிவித்தார்கள்.

இந்த 6 புள்ளி உண்மையில் எதைக் காட்டுகிறது? நம் பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடும். பார்வையாளர் வாக்கை நம்பினால் என்னென்ன கோளாறு வரும்? வோக் (woke, சமூக அநீதிகளில் விழிப்போடு இருக்க வேண்டும் என்ற போக்கு), கருத்துச் சுதந்திரம், சகிப்பின்மை என்று எடுத்தாலே கூச்சலில் முடிகிறதே, தலைப்பை எப்படி வைப்பது? 300 இருக்கை, ஒன்றரை மணி நேரம், பக்கத்துக்கு இருவர்.

குறுக்குக்கேள்வி:

கூச்சலுக்குக் காரணம் பேச்சாளர்கள் என்று நினைக்க வேண்டாம், தலைப்புதான். திரையிடும்போது மாணவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள்: நால்வரும் "அரசியல் சரிநிலை" என்று எதைச் சொல்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான்கும் நான்கு திசையில் இருக்கும்.

கோல்ட்பெர்க் தொடக்கத்திலேயே, அந்தப் பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் தன்னால் ஆதரிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பெண்கள், சிறுபான்மையினர் பெற்ற உரிமைகளைத்தான் காக்கிறார். பீட்டர்சனுக்குப் பிரச்சினை மனிதரைக் குழு அடையாளமாகப் பார்ப்பது. இடதுசாரிகள் எந்த இடத்தில் எல்லை மீறுகிறார்கள் என்று எதிரணியிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். டைசன் பேசியது கறுப்பின மக்களின் வரலாற்றை, அடையாளத்தை அவர்கள்மேல் சுமத்தியது யார் என்பதை. ஃப்ரை இடதுசாரிச் சாய்வு உள்ளவர். தன் அணித் தோழரோடு பெரும்பாலும் உடன்படாதவர். சரிநிலை என்னும் முறை பலன் தராது, எதிர்விளைவைத்தான் தரும் என்பது அவர் வாதம். விவாதத் தலைப்பைப் பற்றி யாருமே பேசவில்லை என்று அவரே அங்கு வருத்தப்பட்டார். அது நியாயமான வருத்தம்.

ஆக, 70 சதவீதம் எதை நிராகரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கோல்ட்பெர்க்கின் நிலைப்பாட்டுக்கும் ஃப்ரையின் நிலைப்பாட்டுக்கும் ஒரே நேரத்தில் தலையாட்டலாம், முரணே இல்லை.

உங்கள் தலைப்பில் மூன்று இருக்க வேண்டும்: செய்பவர் யார், செய்யும் செயல் என்ன, எந்தச் சூழலில். "வோக் கலாச்சாரம் சமூகத்துக்குக் கேடு" என்பதில் மூன்றும் இல்லை. "ஒரு பேச்சாளரின் கருத்துக்கு மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதற்காகப் பல்கலைக்கழகம் அவருக்கு அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெறக் கூடாது" என்பதில் மூன்றும் உண்டு. இதற்கு ஆம் சொன்னவர் எதற்கு ஆம் சொன்னார் என்று அடுத்த நாளும் தெரியும். இங்கிலாந்தில் இதே சிக்கலுக்காக 2023 மே மாதம் உயர்கல்விக் கருத்துச் சுதந்திரச் சட்டம் வந்தது. 2024 ஜூலையில் புதிய அரசு அதை நிறுத்தி வைத்து, முக்கியப் பிரிவுகள் 2025 ஆகஸ்ட் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தன. இரண்டு பக்கத்துக்கும் வாதப்பொருள் அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

வாக்குப்பெட்டி:

தலைப்பு பற்றி மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். வாக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான அமைப்பாளர்கள் கவனக்குறைவாக இருக்கிறார்கள்.

முதலில், 36 என்பது 30 ஆனால் 6 பேர்தான் மனம் மாறினார்கள் என்று பொருளில்லை. 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதரவிலிருந்து 6 பேர் எதிர்ப்புக்குப் போனாலும் 30 வரும். ஆதரவிலிருந்து 20 பேர் போய், எதிர்ப்பிலிருந்து 14 பேர் வந்தாலும் அதே 30 வரும். முன்னதில் மாறியவர் 6, பின்னதில் 34. முன்னது அசையாத அரங்கம், பின்னது மிகச் சிறந்த விவாதம். அறிவிக்கும் எண் மட்டும் ஒன்றே.

அடுத்தது, நடுவில் எழுந்து போகிறவர்கள். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 500 பேரில் 200 ஆதரவு, 300 எதிர்ப்பு, அதாவது 40-60. கடைசி வாக்குக்கு முன் 60 பேர் கிளம்புகிறார்கள், அவர்களில் 40 பேர் ஆதரவாளர்கள். மிச்சம் 160-க்கு 280. ஆதரவு 36.4 சதவீதம் ஆகிவிட்டது. ஒருவர்கூட மனம் மாறாமல் 3.6 புள்ளி இறங்கிவிட்டது. மங்க் விவாதத்தின் மொத்த நகர்வே 6 என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டுக்கும் ஒரே தீர்வு: ஒரே வரிசை எண் அச்சிட்ட இரண்டு பாதிச் சீட்டு. பெயர் வேண்டாம், எண் போதும். உள்ளே வரும்போது முதல் பாதியில் குறித்து, கிழித்துப் பெட்டியில் போட வேண்டும். மறுபாதி கையில் இருக்கும், முடிந்ததும் அது. இரண்டு பாதியும் வந்த எண்களை மட்டும் எண்ணுங்கள். ஆதரவு, எதிர்ப்பு, முடிவில்லை என்று மூன்று கட்டம் வையுங்கள், 3க்கு 3 அட்டவணையில் ஒன்பது எண்கள் கிடைக்கும். எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

தொடக்க நிலையும் முக்கியம். 64 சதவீதம் ஏற்கெனவே எதிர்ப்பு என்றால் எதிர்ப்பவர்களுக்கு ஈர்க்க 36-தான் மிச்சம், ஆதரிப்பவர்களுக்கு 64 இருக்கிறது. 2022 நவம்பர் 30-இல் அதே அமைப்பு, முதன்மை ஊடகங்களை நம்பாதீர்கள் என்ற தீர்மானத்தை வைத்தபோது 48-52 என்று தொடங்கி 67-33 என்று முடிந்தது. ஆதரித்தவர்கள் டக்ளஸ் மர்ரே, மேட் தைய்பி, எதிர்த்தவர்கள் மால்கம் கிளாட்வெல், கோல்ட்பெர்க். அரங்கம் ஏறத்தாழ பாதிப் பாதியாக இருந்ததால் அந்த நகர்வைப் படிப்பது எளிது. உங்கள் தலைப்பை 20 மாணவர்களிடம் முன்கூட்டிக் கேட்டுப் பாருங்கள். 15 பேருக்கு மேல் ஒரே பக்கம் என்றால் சொற்களை மாற்றுங்கள்.

பழைய ஒளிநாடா:

அகலமான தலைப்பு எப்போதும் தோற்கும் என்பதை நான் ஏற்கவில்லை. 1965 பிப்ரவரி 18, கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற மாணவர் விவாத மன்றம், கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் பழமைவாத இதழாளர் வில்லியம் பக்லியும். அமெரிக்கக் கனவு கறுப்பின மக்களுக்கு இழப்பை உண்டாக்கித்தான் கிடைத்தது என்பது தீர்மானம். பிபிசி ஒளிபரப்பியது. இறுதியில் 544-க்கு 164, பால்ட்வின் பக்கம். இதைவிட அகலமான தலைப்பு ஏது? ஆனாலும் இன்றுவரை பார்க்கிறார்கள்.

முன்வாக்கு என்று அங்கே எதுவும் இல்லை, முடிவில் ஒரே வாக்கு. அந்த எண்ணை மனமாற்றமாகப் படிக்கக் கூடாது, அந்த அறையின் தீர்ப்பு, அவ்வளவே. ஆனால் வாதத்தின் தரத்துக்கும் வாக்கெடுக்கும் முறைக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

குறுக்குக்கேள்வி:

சரியான எடுத்துக்காட்டு. ஆனால் அந்தத் தலைப்பை மறுபடி படியுங்கள். பொருள் பெரியது, கூற்று ஒன்றுதான்: இவர்கள் பெற்றது அவர்கள் இழந்ததால். பருத்தியை யார் பறித்தார்கள், ரயில் பாதையை யார் போட்டார்கள் என்று பால்ட்வின் நேராக அதற்குள் இறங்க முடிந்தது. பக்லி பெரும்பாலும் பரிகாரம் என்ன, அமெரிக்க நாகரிகத்தையே தூக்கி எறிய வேண்டுமா என்ற பக்கம் நகர்ந்தார். அவர் தலைப்பைவிட்டு நகர்ந்ததைப் பார்வையாளர் கண்டுபிடிக்க முடிந்ததே, தலைப்பு ஓர் இடத்தில் நின்றதால்தான். 2018-இல் யார் நகர்ந்தார் என்று சொல்லவே முடியாது.

வாதமேடை:

இருவருக்கும் நன்றி. பல்கலைக்கழக அழைப்புத் தலைப்பையே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு ஐயம். ஒருவர் அமெரிக்கச் சட்டத்தையும் மற்றவர் இந்தியச் சட்டத்தையும் மேற்கோள் காட்டினால் நெறியாளர் என்ன செய்வது? 90 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

மூன்றாம்மணி:

எந்த நாட்டுச் சட்டம் அளவுகோல் என்று தலைப்புக்குக் கீழேயே அச்சிடுங்கள், இது கட்டாயம். அமெரிக்காவில் 1969 பிராண்டன்பர்க் தீர்ப்புப்படி, உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கக்கூடிய நிலையும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பேச்சைத் தண்டிக்கலாம். கனடாவில் வெறுப்பைத் தூண்டும் பேச்சே குற்றவியல் சட்டத்தின் 319-ஆம் பிரிவுக்குள் வரும். இந்தியாவில் அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துச் சுதந்திர உரிமைக்கு 19(2) பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு என்று வரம்பு வைக்கிறது. அளவுகோலைச் சொல்லாமல் விட்டால் இருவரும் சரியாகப் பேசியே ஒருவரை ஒருவர் தவறு என்பார்கள்.

இந்தியச் சட்டம் என்று முடிவு செய்தால், இரண்டு அணிகளும் 1989 எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் வழக்கைப் படிக்காமல் மேடையேறக் கூடாது. ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது. கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்தை அடக்க முடியாது, கருத்துச் சுதந்திரத்தைக் காப்பது அரசின் கடமை என்றது உச்ச நீதிமன்றம். ஆபத்து வெடிமருந்துப் பீப்பாய்க்குள் தீப்பொறிபோல அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் தலைப்பின் மையமே இதுதான்: எதிர்ப்பவர் கூட்டம் பெரிது என்பது ஒருவர் வாயை அடைக்கக் காரணமாகுமா?

நேரம்: தொடக்க உரை நால்வருக்கும் 6 நிமிடம், 24. மறுப்புரை தலா 3, 12. நெறியாளர் நடத்தும் நேருக்கு நேர் 25. அரங்கிலிருந்து கேள்விகள் 12. நிறைவுரை தலா 2, 8. மொத்தம் 81, மிச்சம் 9 நிமிடம் இரண்டு வாக்குக்கும். மங்க் மேடையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் அரங்கமே கைதட்டிப் பேச்சாளரை முடிக்க வைக்கும். நெறியாளர் பகையாளியாக வேண்டியதில்லை.

அந்த 25 நிமிடத்தில்தான் எல்லாம் கெடும். 2018-இல் டைசன் பீட்டர்சனைத் தோல் நிறம் சொல்லிக் கடுமையாகக் குறிப்பிட்டதும் பேச்சு தலைப்பைவிட்டு ஆள்மேல் போனது. நெறியாளர் அந்த வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டும், இழந்த நேரத்தைத் திருப்பித் தரவும் கூடாது. இன்னொன்று, ஒருவர் சொன்னதை நெறியாளர் சுருக்கிச் சொல்வது. 2018 ஜனவரியில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி நேர்காணலில் செய்தியாளர் கேத்தி நியூமன், "அப்படியானால் நீங்கள் சொல்வது" என்று தொடங்கித் தொடங்கிச் சுருக்கினார், பீட்டர்சன் அது இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சுருக்கத்தைத் திருத்தவே போனது. சுருக்குங்கள், ஆனால் "சரிதானா?" என்று கேட்டு, ஆம் என்று வாங்கிய பின்தான் எதிரணிப் பக்கம் திரும்புங்கள்.

வாக்குப்பெட்டி:

நேரக் கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். 300 சீட்டையும் கடைசியில் இணைக்க உட்கார்ந்தால் 5 நிமிடம் போதாது. முதல் பாதிகளை விவாதம் நடக்கும்போதே பக்கத்து அறையில் இருவர் எண் வரிசையில் அடுக்கித் தாளில் ஏற்றிவிடட்டும். கடைசிப் பாதிகளை நான்கு பேர் மூன்று குவியலாகப் பிரித்து எண்ணி, மேடையில் மொத்த எண்ணை மட்டும் அறிவியுங்கள். அட்டவணை மறுநாள் அறிவிப்புப் பலகையில். எத்தனை பேர் ஒரு பாதி மட்டும் போட்டார்கள் என்ற எண்ணையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.