மீன் குழம்போடு குடித்த சிவப்பு ஒயின் ஏன் இரும்புபோல் கசந்தது?

முத்தியால்பேட்டை வாசி:
நேற்று புதுச்சேரிக் கடையொன்றில் 700 ரூபாய்க்குள் கிடைத்த சிராஸ் என்ற கருந்திராட்சையில் செய்த நாசிக் சிவப்பு ஒயின் புட்டி ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் அன்று சங்கரா மீன் குழம்பு; வடகம் தாளித்து, புளி சற்றுத் தூக்கலாகவே வைத்திருந்தார்கள். ஒயினைத் தனியே ஒரு மிடறு குடித்தபோது நாவற்பழமும் மிளகும் கலந்தாற்போன்ற மணம் தெரிந்தது. மீனும் சோறும் ஒரு கவளம் உண்டுவிட்டு அடுத்த மிடறு குடித்தால், துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோல் ஒரு சுவை எழுந்தது, தொண்டையும் எரிந்தது. புட்டி கெட்டுவிட்டதா, அல்லது குறைந்த விலைக்கு இவ்வளவுதானா? மீதி முக்கால் புட்டி சமையலறை அலமாரியில் நிற்கிறது.

அடுப்படி ஆள்:
புட்டி கெடவில்லை, விலையின் மீதும் பழி போட வேண்டாம். சிவப்பு ஒயினில் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும் இரும்பு, மீனின் கொழுப்போடு சேரும்போது அந்த வாடையை எழுப்புகிறது என்பதை 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்பின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால் விலை உயர்ந்த ஒயினிலும் இது நேரலாம். தொண்டை எரிந்ததற்குக் காரணம் வேறு: 13 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹாலும் மிளகாய்க் காரமும் ஒன்றையொன்று தூண்டிவிடும், திராட்சைத் தோலிலிருந்து ஒயினில் இறங்கும் டானின் என்ற பொருள் தரும் துவர்ப்பும் காரத்தின் முன்னே முரடாகத் தெரியும்.

முதலில் அந்தப் புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 பாகை போதும், நம் ஊர்ச் சமையலறையோ சித்திரையில் 34ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தபின் ஊற்றுங்கள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், சுழற்றி முகர இடம் வேண்டுமல்லவா.

உணவென்றால் ஆட்டுக்கறி மிளகு வறுவல்தான் என் தேர்வு. கறியின் கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை அடக்கும். நீங்கள் முகர்ந்த மிளகு வாடையும் கற்பனையன்று. சிராஸ் திராட்சையிலும் நம் மிளகிலும் ரோட்டண்டோன் என்ற ஒரே மணப்பொருள் இருப்பதை 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்தார்கள். ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டவே எட்டாதாம், உங்களுக்கு எட்டியிருக்கிறது. மிளகாய்த்தூளைத் தவிருங்கள், தேங்காய் அரைத்துவிட வேண்டாம்.

கடலூர் துறைமுகத்தான்:
மேலே சொன்னவர் கூற்றில் எனக்கு உடன்பாடே. எங்கள் ஊர் நெத்திலிக் கருவாட்டோடு ஒருமுறை முயன்று பார்த்து, வாயை மூன்று முறை கொப்பளித்தவன் நான். ஆனால் கறி உண்ணாதவர்களுக்கும் வழி உண்டு: கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு, நல்லெண்ணெயும் பூண்டும் சேர்த்து மசித்தால், அந்தப் புகை வாசம் சிராஸுக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. புளியை மட்டும் சேர்க்காதீர்கள், புளிப்பு மிகுந்தால் ஒயின் நீர்த்துச் சப்பென்றாகிவிடும். நான் இதைப் புதுச்சேரியில் அக்கா வீட்டில்தான் செய்து பார்ப்பது வழக்கம். புட்டியோடு எல்லை தாண்டி வந்து ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

முத்தியால்பேட்டை வாசி:
இருவருக்கும் நன்றி. இன்று மிளகு வறுவல் செய்து, சொன்னபடியே குளிரவைத்துக் குடித்தேன். இரும்புச் சுவை அறவே இல்லை, துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் மெல்லப் பிடித்துவிட்டு விலகியது. ஒரு கோப்பைக்கு மட்டும் மிச்சமிருக்கிறது. நாளை கத்தரிக்காய் சுடப்போகிறேன்.