புதுப்பிப்பு: சார்ஜர் போர்டு பிழைத்துக்கொண்டது

முன்பு எழுதியிருந்தேனே, மின்சாரக் காரின் சார்ஜர் போர்டில் ரிலேயை (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றப் போய், அவசரத்தில் இழுத்து, அதன் காலைப் பற்றவைக்கும் செப்புப் பேடையே பெயர்த்த கதை. சரி, இப்போது சார்ஜ் ஏறுகிறது.

ரிலே கால் நுழையும் துளைக்குள் உற்றுப் பார்த்தால், போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் செப்பு உறையும் ரிலே காலோடு உருவி வந்திருந்தது. அடியில் எவ்வளவு ஈயம் வைத்தாலும் மேல் பக்கச் செப்புத் தடத்துக்கு இணைப்பு போகாது. மூன்று தடவை வைத்தது வீண். அப்புறம் மேல் தடத்தின் பச்சைப் பூச்சைச் சுரண்டினேன். செப்பு மினுங்கியதும் அங்கிருந்து ரிலே காலுக்குத் தடித்த கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். மெல்லிய கம்பி அந்தக் கரண்டுக்குச் சூடாகிவிடும். இணைப்பு சரி என்று மல்டிமீட்டர் பீப் அடித்த பிறகுதான் மூச்சு வந்தது.

மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டரில் வோல்டேஜ் இறங்கியதை அளந்த பிறகே கை வைத்தேன். அதில் மட்டும் முதல் முறையும் அவசரப்படவில்லை!