பழைய வீட்டின் மூன்று கம்பி இணைப்பில் புதிய எலக்ட்ரிக் ரேஞ்சைப் பொருத்தலாமா?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவில் 1960-களில் கட்டப்பட்ட ஒரு வீட்டை வாங்கியிருக்கிறோம். சமையலறைக்குப் புதிய எலக்ட்ரிக் ரேஞ்ச் (அடுப்பும் ஓவனும் சேர்ந்த சாதனம்) வந்திருக்கிறது. பவர் கார்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். சுவரில் உள்ள அவுட்லெட்டில் மூன்று துளைகளே உள்ளன. பொருத்த வந்தவர், நான்கு துளை அவுட்லெட்டாக மாற்றி, அதற்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டால் போதும் என்கிறார். மேலும், பிரேக்கர்கள் உள்ள பேனலில் இந்தச் சர்க்யூட்டுக்கு 40 ஆம்பியர் பிரேக்கர் இருக்க, ரேஞ்சின் கையேடு 50 ஆம்பியர் கேட்கிறது. பிரேக்கரை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில் 1

இரண்டையுமே செய்ய வேண்டாம்.

ரேஞ்சின் காயில்கள் இரண்டு லைவ் கம்பிகளுக்கு இடையேயான 240 வோல்ட்டில் இயங்குகின்றன. கடிகாரம், ஓவன் விளக்கு, கட்டுப்பாட்டு போர்டு போன்றவை ஒரு லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையேயான 120 வோல்ட்டில் இயங்குகின்றன. பழைய மூன்று கம்பி முறையில், மின்னோட்டத்தைச் சுமந்து திரும்பும் அந்த நியூட்ரலே ரேஞ்சின் உலோக உடலுக்கு எர்த்தாகவும் பயன்பட்டது. எங்கேனும் ஒரு ஸ்குரூ தளர்ந்து நியூட்ரல் துண்டிக்கப்பட்டால், ஓவன் விளக்கின் வழியாக 120 வோல்ட் அடுப்பின் உடலில் வந்து நிற்கும். பிரேக்கர் விழாது. ஒரு கையை அடுப்பிலும் மறு கையைக் குழாயிலும் வைப்பவரின் உடல் வழியாகத்தான் அந்த மின்சாரம் தரைக்குப் போகும். இந்த ஆபத்தை எண்ணியே, 1996-ஆம் ஆண்டுப் பதிப்பில் அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு புதிய சர்க்யூட்டுகளுக்கு நான்கு கம்பிகளைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே உள்ளவற்றைச் சில நிபந்தனைகளுடன் தொடர அனுமதித்தது.

அவுட்லெட்டுக்குள் துண்டுக் கம்பி போடுவதால் இந்த ஆபத்து கொஞ்சமும் குறையாது. நான்கு துளைகளைப் பார்க்கும் அடுத்தவர், சுவருக்குள் தனி எர்த் இருப்பதாக நம்பிவிடுவார் என்பதுதான் அதில் எனக்குப் பெரிய கவலை.

ரேஞ்சின் பின்புற மூடியைக் கழற்றினால் மூன்று ஸ்குரூக்கள் தெரியும். நடுவில் இருப்பது நியூட்ரல். அதிலிருந்து அடுப்பின் உடலுக்கு ஒரு சிறு செப்புப் பட்டை போகும். மூன்று முனை கார்டு என்றால் அந்தப் பட்டை இருந்தே ஆக வேண்டும்; நான்கு முனை கார்டு என்றால் அதைக் கட்டாயம் நீக்கிவிட்டு, பச்சைக் கம்பியை உடலின் எர்த் ஸ்குரூவில் தனியாக இணைக்க வேண்டும். மூன்று முனை கார்டு இன்னும் விற்பனையில் உள்ளது. ஆனால் முடிவெடுப்பதற்கு முன், சுவருக்குள் என்ன கேபிள் இருக்கிறது, அது எந்தப் பேனலிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

பிரேக்கரை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு திறந்தேன். சாம்பல் நிற உறைக்குள் உறையிட்ட கம்பிகள் இரண்டு. அவற்றைச் சுற்றி உறையில்லாத வெள்ளி நிற இழைகள். கேபிள், மீட்டருக்கு அருகிலுள்ள முதன்மைப் பேனலிலிருந்து வரவில்லை. அடித்தளத்தில் உள்ள சிறிய துணைப் பேனலிலிருந்து வருகிறது.

பதில் 2

அப்படியானால் மூன்று முனை கார்டு என்ற வழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கேபிளில் அந்த வெள்ளி நிற இழைகளே நியூட்ரல். உறையில்லாத நியூட்ரலைத் தொடர்ந்து பயன்படுத்தும் சலுகை, விதித்தொகுப்பின் 2020 வரையிலான பதிப்புகளில், முதன்மைப் பேனலிலிருந்தே கிளம்பும் சர்க்யூட்டுக்கு மட்டும்தான் இருந்தது; 2023 பதிப்பு, பேனலுக்குள் அந்த நியூட்ரலை உரிய மின்காப்பால் மூடினால் மட்டுமே துணைப் பேனலிலிருந்தும் அனுமதிக்கிறது. துணைப் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் பிரிந்தே இருக்க வேண்டும். வெற்று நியூட்ரல் அங்கே எதைத் தொட்டாலும், மின்னோட்டம் எர்த் வழியாகவும் ஓடத் தொடங்கிவிடும். உறையிட்ட நியூட்ரல் இருந்திருந்தால், பேனலிலிருந்து தனி எர்த் கம்பி ஒன்றை இழுத்துச் சேர்க்க விதியில் இடமுண்டு. சில வீடுகளில் கம்பிகள் தொடர்ச்சியான உலோகக் குழாய்க்குள் வரும். அங்கே அந்தக் குழாயே எர்த்தாக அமையலாம். உங்கள் வீட்டில் இரண்டும் இல்லை என்பதால், புதிய நான்கு கம்பி கேபிள்தான் தீர்வு.

வெள்ளி நிறம் என்றாலே அலுமினியம் என்று எண்ண வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்பும் உண்டு, வெட்டு முனையில் சிவப்பு தெரியும். அமெரிக்கக் கம்பித் தடிமன் அளவில் (AWG) 8-ஆம் எண் செம்பு, 6-ஆம் எண் அலுமினியம் இரண்டுமே இத்தகைய கேபிளில் 40 ஆம்பியருக்கானவை. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதால், 50 ஆம்பியருக்கு 6-ஆம் எண் செம்பு வேண்டும். பழைய கேபிளை வைத்துக்கொண்டு பிரேக்கரை மட்டும் 50 ஆக்கினால், சுவருக்குள் கம்பி சூடேறும்; பிரேக்கரோ பேசாமல் இருக்கும். இதற்கு நேர்மாறாக, 50 ஆம்பியர் அவுட்லெட்டை 40 ஆம்பியர் பிரேக்கரில் பயன்படுத்த விதியே அனுமதிக்கிறது.

12 கிலோவாட் வரையிலான ஒரு வீட்டு ரேஞ்சுக்கு, எல்லா அடுப்புகளும் ஓவனும் ஒரே நேரத்தில் முழுவதுமாக எரிவதில்லை என்பதால், விதித்தொகுப்பு 8 கிலோவாட் என்றே கணக்கிடுகிறது. 240 வோல்ட்டில் அது சுமார் 33 ஆம்பியர். ஆனாலும் கையேடு 50 கேட்டால் 50-க்கே கேபிள் இழுங்கள். துணைப் பேனலுக்கு வரும் கேபிள் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். உள்ளூர் நிர்வாகத்திடம் பெர்மிட் எடுத்தே செய்யுங்கள்.

பதில் 3

முந்தைய பதில்களுடன் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: முதன்மை பிரேக்கரை அணைத்தாலும், மீட்டரிலிருந்து பேனலுக்குள் வரும் தடித்த கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அவுட்லெட்டைத் திறந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, பேனல் மூடியைத் திறக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள். அவர் முடித்ததும், இரு லைவ்களுக்கு இடையே 240, ஒவ்வொரு லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, அதேபோல் எர்த்துக்கும் 120 வருகிறதா என்று ரேஞ்சைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் காட்டச் சொல்லுங்கள். ரேஞ்சுடன் கூடவே வரும், அது கவிழாமல் தடுக்கும் பிராக்கெட்டைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். திறந்த ஓவன் கதவில் ஒரு குழந்தை ஏறினால் அடுப்பு முன்பக்கமாகச் சாயும் என்பதால், ரேஞ்சை உள்ளே தள்ளும் முன்பே அதைத் தரையிலோ சுவரிலோ பொருத்திவிட வேண்டும்.