ஸ்விஸ்ஏர் 111: அந்த 30 மைல்

ரன்வே ராஜா
நம் மன்றத்தின் விபத்துகள் இழையில் நேற்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். "1998 செப்டம்பர் 2, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன ஸ்விஸ்ஏர் 111. காக்பிட்டில் புகை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் ஓடுதளம் 30 மைலில் இருந்தும் இறங்காமல், எடை குறைக்க எரிபொருளைக் கொட்டக் கடல் பக்கம் திருப்பி 229 பேரைக் கொன்றார் கேப்டன்." செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார் என்ற தைரியம்!

30 மைல் என்றதும் எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு போகிற தூரம்தானே என்று நினைத்துவிட்டார் போல. விமானம் அப்போது ஏறக்குறைய 21,000 அடியில் இருந்தது. ஆயிரம் அடி இறங்க மூன்று மைல் என்பது பைலட்டுகளின் மனக்கணக்கு. பெருக்கினால் 63. அதனால்தான் 30 போதாது, இன்னும் தூரம் வேண்டும் என்று கேட்டார்கள்.

வேலன் வடபழனி
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்ல வாய் வரவில்லையா தம்பி?

63 மைல் என்பது பயணி கையிலுள்ள காபி சிந்தாமல் இறங்குவதற்கான கணக்கு. புகை வரும்போது எவன் காபி குடிக்கிறான்? இறக்கை மேலுள்ள வேகத்தடுப்புப் பலகை, அந்த ஸ்பாய்லரைத் தூக்கு, மூக்கைக் கவிழ், இறங்கு. 30 மைல்! கையில் இருந்தது 30 மைல்!

ரன்வே ராஜா
ஐயா, முதலில் அவர்கள் சொன்னது என்ன என்று பாருங்கள். அங்கத்து நேரப்படி இரவு 10:14க்குச் சொன்னது "பான் பான்". அவசரம், ஆனால் உயிராபத்து என்று இன்னும் தெரியவில்லை என்று பொருள். எமர்ஜென்சி என்று அறிவித்தது 10:24க்கு. நடுவில் அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

வேலன் வடபழனி
பான் பானோ பீடா பானோ, புகை புகைதான். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு 30 மைலை மறைக்காதீர்கள்.

தேன்மொழி
12 வருடம் கேபின் குழுவில் இருந்தவள், ஒரு வார்த்தை சொல்லலாமா? வாசனை வந்ததும் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. ஒருமுறை எங்கள் விமானச் சமையலறையில் கருகல் வாடை. ஒவ்வொரு அடுப்பாகத் திறந்து மோந்து, சுவர்ப் பலகைகளில் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கடைசியில் ஒரு பன் ஓவனின் மூலையில் ஒட்டிக் கரியாகிக் கிடந்தது. அதற்கே ஐந்து நிமிடம் போனது. ஸ்விஸ்ஏரில் தீ இருந்ததோ காக்பிட் கூரைக்கு மேலே, கையே எட்டாத இடத்தில். முதலில் ஏசியிலிருந்து வரும் வாடை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

வேலன் வடபழனி
பன் கருகிய கதைக்கு நன்றி அம்மா. இங்கே பேச்சு 30 மைலைப் பற்றி.

ஹேங்கர் மாமா
கேப்டனை விடுங்கப்பா. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளியாய்ப் பளபளக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு படலத்தை வெப்பத்தடுப்புப் போர்வைக்கு உறையாகத் தைத்திருந்தார்கள். தீ பரவியது அதில்தான். பக்கத்தில் ஓடியது முதல் வகுப்பிலும் பிசினஸ் வகுப்பிலும் படம் பார்க்க, சூதாடப் பின்னால் பொருத்திய சாதனத்தின் ஒயர். அதில் மின்பொறி பறந்திருக்கிறது. புகை வந்தால் கேபின் மின்சாரத்தை அணை என்கிறது செக்லிஸ்ட். அணைத்தாலும் இந்தச் சாதனத்துக்கு மின்சாரம் நிற்காது, அப்படி இணைத்திருந்தார்கள்! அந்தப் புகை செக்லிஸ்டை முழுதாகச் செய்து முடிக்கவே 20, 30 நிமிடம் ஆகும். முதல் வாடை வந்த 10:10லிருந்து கடலில் விழுந்த 10:31 வரை மொத்தமே 21 நிமிடம்தான்.

வேலன் வடபழனி
அப்படியென்றால் செக்லிஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கியிருக்க வேண்டும். நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள் மாமா.

ஹேங்கர் மாமா
நான் எங்கே வந்தேன்?

ரன்வே ராஜா
கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நான்கு வருடத்துக்கு மேல் ஆராய்ந்து 2003இல் அறிக்கை கொடுத்தது. 10:14க்கே தலைகீழாகப் பாய்ந்திருந்தாலும் சக்கரம் தரையைத் தொட 10:27 ஆகியிருக்கும். ஆனால் 10:24க்கு ஆட்டோபைலட் போய்விட்டது. 10:25க்குக் கறுப்புப் பெட்டிகளே நின்றுவிட்டன. எந்த வழியில் போயிருந்தாலும் பத்திரமாக இறங்க நேரம் இருந்திருக்காது என்பதுதான் அவர்கள் முடிவு. எரிபொருள் கொட்டப் போனதால் விபத்து என்று அவர்கள் சொல்லவில்லை.

வேலன் வடபழனி
ஆகா, நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். விழுந்தது 10:31. தரையைத் தொட 10:27. நான்கு நிமிடம் மிச்சம்! கழித்தல் தெரியாத வாரியமா அது?

ரன்வே ராஜா
அந்த நான்கு நிமிடமும் கும்மிருட்டு, எதிரே புகை, தலைக்கு மேல் தீ, கருவிகள் செத்துவிட்டன. அந்த நிலையில் எதைப் பார்த்து ஓடுதளத்தைப் பிடிப்பது?

வேலன் வடபழனி
முயன்றிருக்கலாமே. முயலவில்லையே. 30 மைல்.

சும்மா வந்தவன்
இறங்கிவிட்டால் மட்டும் போதுமா? 1980இல் ரியாத்தில் சவூதியா 163 தீயோடு பத்திரமாகத்தான் இறங்கியது. ஓடுதளத்திலேயே உடனே நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனார்கள், கதவு திறக்கவில்லை, உள்ளே இருந்த 301 பேரும் போய்விட்டார்கள்.

வேலன் வடபழனி
அதுவும் கேப்டன் தப்பு. என் கட்சிக்கு இன்னொரு சாட்சி, நன்றி.

தேன்மொழி
உங்களுக்கு எல்லாமே கேப்டன் தப்பு. 2024 ஜனவரியில் ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரையும் உயிரோடு இறக்கியபோது மட்டும் "வெறும் அதிர்ஷ்டம்" என்று எழுதியவர் நீங்கள்தானே? அந்த இழை இன்னும் இருக்கிறது.

வேலன் வடபழனி
பழைய இழையைத் தோண்டுபவர்களிடம் நான் பேசுவதில்லை.

சும்மா வந்தவன்
ஒரு சின்ன சந்தேகம். ஹாலிஃபாக்ஸா, ஹேலிஃபேக்ஸா?

ஹேங்கர் மாமா
ஹேலிஃபேக்ஸ்தான். ராஜா தலைப்பு வைத்த நாளிலிருந்து தப்பாகத்தான் எழுதுகிறான்.

ரன்வே ராஜா
மாமா, நீங்களுமா? தலைப்பில் அந்த ஊர்ப் பெயரே இல்லை!

வேலன் வடபழனி
ஊர்ப் பெயரையே சரியாக எழுதத் தெரியாதவரின் 63 மைல் கணக்கை நாங்கள் நம்ப வேண்டுமாம். மணி ஒன்றாகிவிட்டது, காலையில் வருகிறேன். 30 மைல் எங்கேயும் ஓடிவிடாது.