உருவப்படத்தில் முகம் பொம்மைபோல வழவழவென்று வருகிறது. எண்ணெய் வண்ணத்தில் தோலின் சொரசொரப்பை எப்படிக் கொண்டுவருவது?

ஈரத்தூரிகை:

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். இப்போது எங்கள் பாட்டியின் உருவப்படத்தில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 16க்கு 20 அங்குல கேன்வாஸ். சாயல் வந்துவிட்டது, படத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தோல் வரவில்லை. பாட்டிக்கு 81 வயது. கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதத்தைப்போல அவர் கன்னம் முழுக்கச் சுருக்கம் ஓடும். என் படத்தில் அதே கன்னம் மெழுகு பூசியதுபோல இருக்கிறது.

முதலில் மிகச் சிறிய பிரஷால் தோலின் துளைகளைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது, துடைத்துவிட்டேன். அடுத்து சுருக்கங்களை பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தால் கோடு கோடாகப் போட்டேன். பேனாவால் கிறுக்கியதுபோல இருந்தது. மூன்றாவதாக, பேலட் நைஃபால் (வண்ணம் குழைக்கும் தட்டைக் கத்தி) வெள்ளை கலந்து மூக்கிலும் நெற்றியிலும் தடிமனாக அப்பினேன். பகலில் பரவாயில்லை. இரவில் விளக்கைப் போட்டால் அந்த மேடுகள் இஷ்டத்துக்கு மின்னி மூக்கின் வடிவத்தையே குலைக்கின்றன.

இன்னொன்று. முடிக்குப் பின்னால் இருக்கும் இருண்ட பகுதியில் திட்டுத் திட்டாகப் பளபளப்பு போய், சாம்பல் பூத்ததுபோல இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

கரித்துண்டு:

யோசனை சொல்வதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். வண்ணத்தை இளக்கச் சேர்க்கும் மீடியம் என்ன, எவ்வளவு? கடைசியில் எந்த பிரஷால் வண்ணத்தைக் கலந்துவிடுகிறீர்கள்? வெள்ளை எது? முக்கியமாக, பார்த்து வரையும் புகைப்படம் எந்த வெளிச்சத்தில் எடுத்தது?

ஈரத்தூரிகை:

ஆளிவிதை எண்ணெய்தான், எல்லா அடுக்கிலும் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்தேன். வண்ணம் எளிதாக ஓடுகிறது என்பதால். கடைசியில் மென்மையான மாப் பிரஷால் முகம் முழுக்கத் தடவி விளிம்புகளைக் கரைத்துவிடுவேன். வெள்ளை, டைட்டானியம் ஒயிட். புகைப்படம் போனில் எடுத்தது. இரவு நேரம், ஃபிளாஷ் போட்டு, நேர் எதிரே நின்று.

பழுப்புக்காவி:

தம்பி, உன் சிக்கல் கேன்வாஸுக்கு வருவதற்கு முன்பே, அந்த ஃபிளாஷிலேயே தொடங்கிவிட்டது. வெளிச்சம் நேர் எதிரே இருந்து விழுந்தால் தோலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். புகைப்படத்திலேயே சொரசொரப்பு கிடையாது. அதில் இல்லாததை நீ கற்பனையில் புள்ளி வைத்துத் தேடியிருக்கிறாய்.

ஒரு சோதனை செய். பாட்டியை ஜன்னல் ஓரம், வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி உட்காரவைத்துப் பார். வெளிச்சம் நேராக விழும் கன்னத்தில் சுருக்கம் அவ்வளவாகத் தெரியாது. நிழலுக்குள் போய்விட்ட பக்கத்திலும் தெரியாது. வெளிச்சம் தீர்ந்து நிழல் தொடங்கப்போகும் இடத்தில், ஒளி தோலை உரசிக்கொண்டு போகும் அந்த இரண்டு மூன்று விரற்கடைப் பட்டையில்தான், ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நிற்கும். தோலின் சொரசொரப்பை வரைய வேண்டிய இடம் அந்த இடைநிறப் பட்டைதான். முகம் முழுக்கப் போட்டதால்தான் அம்மைத் தழும்பு ஆனது. அந்தப் பட்டையில் கவனமாகப் போட்டுவிட்டால், மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

அடுத்தது சுருக்கம். அதைக் கோடாக நினைக்காதே. அது ஒரு குட்டி வாய்க்கால், அதற்கு இரண்டு கரை உண்டு. விளக்குப் பக்கத்துக் கரை உள்ளே இறங்கும்போது இருளும். எதிர்க்கரை ஏறும்போது வெளிச்சத்தைப் பிடிக்கும். இருட்டுக்குள்ளும் ஒரு ஓரம் கூர்மையாக இருக்கும், மறு ஓரம் தோலோடு கரைந்துபோகும். நீ இருட்டை மட்டும், அதுவும் இரண்டு ஓரமும் கூராகப் போட்டிருக்கிறாய். எதிர்க்கரையில் ஒரு வெளிறிய தொடுகை வை, பேனாக் கோடு மறைந்துவிடும்.

இனி கைவேலை. இப்போதிருக்கும் பரப்பு முதலில் நன்றாகக் காயட்டும், விரலை வைத்து இழுத்தால் ஒட்டக்கூடாது. பன்றிமயிர் பிரஷ் ஒன்று எடு, மென்மையான பிரஷ் இதற்கு உதவாது. அடியில் இருக்கும் நிறத்தைவிட அரைப்படி வெளிறிய, கொஞ்சம் குளிர்ந்த வண்ணம் கலந்துகொள். எண்ணெய் சேர்க்காதே. பிரஷில் எடுத்ததில் முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிடு. பிறகு பிரஷைப் படுக்கவைத்து, கையின் எடையே இறங்காமல், அந்தப் பட்டையின்மேல் இழு. அடியில் இருக்கும் மேடுகளில் மட்டும் வண்ணம் பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. உடைந்து உடைந்து விழும் அந்தத் தடம் தோலுக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கும். ஸ்கம்பிளிங் என்பது இதுதான்.

அது காய்ந்ததும், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி அல்ட்ராமரைன் நீலம் கலந்து, மீடியம் சேர்த்துக் கண்ணாடிபோல மெல்லிசாக மேலே பூசு. உடனே பழைய பருத்தித் துணியால் துடைத்து எடு. மேட்டில் இருப்பது துணியோடு வந்துவிடும், பள்ளத்தில் இருப்பது தங்கிவிடும். மேல் அடுக்குக்கு மட்டும் எண்ணெய் கூடலாம், கீழ் அடுக்குக்குக் கூடாது. கீழே எண்ணெய் அதிகமாக இருந்து மேலே குறைவாக இருந்தால் பின்னாளில் வண்ணப் பரப்பில் வெடிப்பு விழும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1669இல், தன் 63ஆவது வயதில் வரைந்த தற்படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இணையத்தில் உண்டு. வெளிச்சத்தில் வண்ணம் கட்டியாகவும் நிழலில் மெல்லிசாகவும் இருப்பதைப் பார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு அப்புறம் பிரஷை எடு.

தடித்தபூச்சு:

வெளிச்சத்தைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கிளேஸ், அதாவது அவர் சொன்ன அந்தக் கண்ணாடிபோன்ற மெல்லிய பூச்சைப் பூசித் துடைப்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. புதிதாகச் செய்பவர்களுக்கு அது பழக்கமாகி, முகம் முழுக்கப் பழுப்பு ஏறி, அழுக்குப் படிந்த சிலை மாதிரி ஆகிவிடும். தோலுக்கு உள்ளே சிவப்பு இருக்கிறது, கண்ணுக்குக் கீழே நீலம் இருக்கிறது. எல்லாவற்றின்மேலும் ஒரே பழுப்பைத் தேய்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

என் வழி நேரடியானது. மாப் பிரஷை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நிறங்களைச் சின்னச் சின்னத் திட்டுகளாக ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்து, தடவாமல் விடுங்கள். பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் 1950களின் பிற்பகுதியில் மென்மயிர் பிரஷை விட்டுப் பன்றிமயிருக்கு மாறினார். அதற்கு முந்தைய முகங்களையும் பிந்தைய முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிரஷ் மாறினால் தோலே மாறும் என்பது தெரியும்.

மின்னும் மேடுகள் ஏன் தொல்லை தருகின்றன என்றால், அவை மூக்கின் வடிவத்தைச் சுற்றி ஓடாமல் கை போன போக்கில் ஓடுகின்றன. மூக்குத்தண்டின் வளைவைத் தழுவிப் போகும் மேடு மின்னினால்கூட வடிவத்துக்கு உதவும். நன்றாகக் காய்ந்த பிறகு, சவர பிளேடைப் படுக்கவைத்து அவற்றைச் சீவிவிடுங்கள். அடியில் மிஞ்சும் தழும்பு அடுத்த அடுக்குக்கு நல்ல தளம்.

எண்ணெயைக் குறையுங்கள். எண்ணெய் மிகுந்தால் பிரஷ் தடம் நிற்காமல் சமமாகிவிடும், தடிமனாகப் போட்ட இடத்தில் மேல்தோல் சுருங்கும், நாளாக நாளாக மஞ்சளும் கூடும். டியூபிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை மை ஒற்றும் தாளில் ஒரு மணி நேரம் வைத்தால் அதிக எண்ணெய் தாளில் இறங்கிவிடும், வண்ணம் கெட்டியாக நிற்கும். வெள்ளையில் மெல்லிய சீமைச்சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், கொஞ்சம் பிசைந்தாலும் கனம் கூடும். டைட்டானியம் ஒயிட் 1920களை ஒட்டித்தான் ஓவியர்கள் கைக்கு வந்தது. பழைய ஓவியர்கள் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அதன் இழுவை வேறு, சீக்கிரமும் காயும், ஆனால் நஞ்சு. நான் தொடுவதில்லை. டியூபின் பின்னால் பி.டபிள்யூ.4 என்று இருந்தால் அதில் ஜிங்க் ஒயிட், அதாவது துத்தநாக வெள்ளை, கலந்திருக்கிறது. நாளாக நாளாக உடையும் தன்மை அதற்கு உண்டு, தடிப்பூச்சுக்கு வேண்டாம்.

நீலமேகம்:

இருட்டில் பூத்த திட்டுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மேல் அடுக்கின் எண்ணெயை அடி அடுக்கு உறிஞ்சிக்கொண்டதால் வருவது அது. அம்பர் வகை நிறங்களில் இது சகஜம். சொரசொரப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை, ஆனால் மங்கிய இடத்தைப் பார்த்து நிறம் கலந்தால் கணக்கு தப்பும். காய்ந்த பரப்பில் மெல்லிய எண்ணெய்க் கலவையைத் தொட்டுத் தேய்த்து, உடனே பஞ்சில்லாத துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். உண்மையான நிறம் திரும்ப வரும், அதன்மேல் வேலையைத் தொடரலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த இழையில் எல்லோரும் துணியால் துடை, துணியால் துடை என்று சொல்கிறோம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும், சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

ஈரத்தூரிகை:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். காயவிட்டதில் நாள் போய்விட்டது.

பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பழுப்புக்காவி ஐயா சொன்ன பட்டை, இடது கன்ன எலும்பிலிருந்து வாயோரம் வரை, அப்படியே தெரிந்தது! இத்தனை வருடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், இதை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தப் பட்டையில் மட்டும் ஸ்கம்பிளிங் செய்தேன். முதல் இரண்டு முறை பிரஷில் வண்ணம் அதிகமாகி அப்பிக்கொண்டது. மூன்றாவது முறை, பிரஷில் ஒன்றுமே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குத் துடைத்தபின் இழுத்தேன். கண்ணுக்குக் கீழே, தோல் மெலிந்து தொங்கும் இடத்தில், நுணுக்கமான வலைபோல உடைந்து விழுந்தது. மேலே ஒன்றும் செய்யாமல் கையை எடுத்துவிட்டேன்.

கிளேஸை அங்கே மட்டும் பூசித் துடைத்தேன். மற்ற இடமெல்லாம் தடித்தபூச்சு அக்கா சொன்னபடி திட்டு திட்டாக, தடவாமல். மூக்கின் மேடுகளைச் சீவியாகிவிட்டது. துணிகளை வெளியே கொடியில் விரித்திருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். புருவத்தில் வெள்ளை மயிரை ஒவ்வொன்றாகப் போட்டால் கம்பி நட்டதுபோல இருக்கிறது.

பழுப்புக்காவி:

நல்ல வேலை தம்பி, கையை எடுத்த இடம் சரியான இடம். புருவத்தை முதலில் மயிராக அல்ல, சாம்பல் நிறத் திட்டாகப் போடு. ஈரமாக இருக்கும்போதே பிரஷின் பின்முனையால் இரண்டு மூன்று இடத்தில் கீறு, அடிநிறம் மயிராக வெளியே வரும். ரெம்பிராண்ட் 1628 வாக்கில் வரைந்த தற்படத்தில் சுருள்முடியை இப்படித்தான் கீறியிருக்கிறார். அது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. தடித்து எழும் வெள்ளை மயிர் நாலைந்து மட்டும் கடைசியில் வை.

வார்னிஷுக்கு அவசரப்படாதே. ஆறு மாதம் குறைந்தபட்சம், தடிப்பூச்சு இருப்பதால் ஒரு வருடம் விட்டால் இன்னும் நல்லது.

ஈரத்தூரிகை:

கீறிப் பார்த்தேன் ஐயா, இடது புருவம் வந்துவிட்டது. வலது புருவத்தில் அடிநிறம் வெளிறியிருந்ததால் கீறல் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அதைத் துடைத்து அடியில் கொஞ்சம் அம்பர் ஏற்றிக் காயவைத்திருக்கிறேன். இனி கழுத்துதான் பாக்கி. நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஜன்னலோரம் வந்து உட்காருகிறேன் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.