கோல்செஸ்டர் டவுனில் வண்டி திசை மாறும்போது

கிழக்குத்தடம்:
இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் மெயின், டவுன் என்று இரண்டு ஸ்டேஷன். மெயினிலிருந்து டவுன் வழியாகக் கடற்கரை ஊரான வால்டன் போகிற வண்டி. டவுனில் இருப்பது ஒரே பிளாட்பாரம். கடைசியில் தடுப்புக்கட்டை, அதைத் தாண்டித் தண்டவாளம் கிடையாது. நின்ற வண்டி வந்த வழியே நகர ஆரம்பித்ததும் ஜன்னலோரப் பாட்டி ஒருவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "திரும்ப லண்டனுக்கா போகுது?" பெட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஸ்டேஷனான ஹைத்தின் பெயர்ப்பலகை கண்ணில் படும்வரை அவர் உட்காரவே இல்லை. "வண்டி இங்கே திசை மாறும், வால்டன் போகிறவர்கள் இறங்க வேண்டாம்" என்று கிளம்பும் முன் ஒரு வரி சொன்னால் போதுமே.

பச்சைவிளக்கு:
காரணம் அந்த முக்கோணம். மெயினிலிருந்து வரும் தடம், டவுனுக்குள் போகும் தடம், ஹைத் பக்கம் போகும் தடம், மூன்றும் ஒரு முக்கோணமாகச் சேர்கின்றன. லண்டன்–கிளாக்டன் வண்டிகள் டவுன் பக்கம் தலைகாட்டாமல் நேரே போய்விடும். டவுனுக்குள் நுழைந்த வண்டி எதுவானாலும் பின்னோக்கித்தான் வெளியே வர முடியும்.

வண்டி நின்றதும் ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு பையோடு இறங்கி, பிளாட்பாரத்தில் மறுகோடிவரை நடப்பார். ஐந்து பெட்டி வண்டி என்றால் 120 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கே கேபினைத் திறந்து, ரேடியோவில் வண்டி எண்ணைப் பதிந்து, பிரேக் சோதித்துப் பார்த்த பிறகுதான் கிளம்பலாம். தடுப்புக்கட்டைப் பக்கம் வெள்ளையாக எரிந்த விளக்கு சிவப்பாகும். அதைக் கண்டால் திசை மாறிவிட்டது என்று அர்த்தம்.

நார்த்ஹில்:
மழையில் ஒரு குடும்பம். இரண்டு பெட்டி, ஒரு குழந்தை வண்டி. மெயின் ஸ்டேஷனிலிருந்து நார்த் ஹில் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி மேட்டில் குழந்தை வண்டியின் முன்சக்கரம் கழன்று உருண்டது. கோட்டை பார்க்க வந்தவர்கள். டவுன் என்று இன்னொரு ஸ்டேஷன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஊர் நடுவே வேலை இருந்தால் மெயினில் இறங்கி டவுன் வண்டிக்கு மாறுங்கள். கிழக்கே பார்த்த 5, 6 முட்டுப் பிளாட்பாரங்களை (தடம் அங்கேயே முடிகிறவை) முதலில் பாருங்கள். முன்பெட்டியில் ஏறுங்கள், டவுனில் வாசல் தடுப்புக்கட்டைப் பக்கம்தான். ஒரே பிளாட்பாரம் என்பதால் மேம்பாலம் ஏறி இறங்கும் தொல்லை இல்லை. வெளியே வந்தால் செயின்ட் பொட்டால்ஃப் மடத்தின் இடிபாடு கூப்பிடு தூரம். அங்கிருந்து குவீன் ஸ்ட்ரீட் வழியே மேலே நடந்தால் கோட்டை. ரோமானியர்களின் கிளாடியஸ் கோயில் அடித்தளத்தின் மேலேயே நார்மன்கள் எழுப்பிய கோட்டை அது. அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள்.

விவன்ஹோ_வாசி:
நார்த்ஹில் நண்பரே, எல்லோரையும் டவுனுக்கு மாறச் சொல்வது சரியில்லை. டவுன் வண்டிக்கு அரை மணி காத்திருக்க வேண்டும் என்றால் பஸ்ஸே மேல். கைவீசி வருகிறவர் நடந்தே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஹை ஸ்ட்ரீட் சேர்ந்துவிடுவார். குழந்தை வண்டி இருந்தால் மட்டும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

பழையபெயர்:
டிக்கெட் ஜன்னலில் ஒரு பெரியவர் "செயின்ட் பொட்டால்ஃப்ஸ், ஒன்று" என்றார். உள்ளே இருந்த இளைஞர் கணினியில் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லை என்றார். டவுன் ஸ்டேஷன் 1866இல் திறந்தபோது அதுதான் பெயர். டவுன் என்று மாற்றியது 1991இல். பெரியவர் கோபப்படவில்லை, "டவுன்" என்று மெல்லத் திருத்திக்கொண்டார். 2022இல் கோல்செஸ்டருக்கு நகர (சிட்டி) அந்தஸ்து கிடைத்தும் பலகையில் டவுன் அப்படியே இருக்கிறது. இனி அதை மாற்றவே வேண்டாம்.

கிழக்குத்தடம்:
பச்சைவிளக்கு, முக்கோண விளக்கத்துக்கு நன்றி. விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே பிளாட்பாரம் என்பதால் உள்ளே ஒரு வண்டி தாமதமாக நின்றால் அடுத்தது வெளியே சிக்னலில் காத்துக் கிடக்கும். தாமதம் கூடினால் டவுனை விட்டுவிட்டு வண்டியை நேரே ஹைத்துக்கு அனுப்பினால் நேரம் மிச்சம். அதனால் டவுனில் நிற்கிறவர்கள் பலகையில் நேரத்தை மட்டும் பார்க்காமல், வண்டி ரத்தா என்றும் பாருங்கள்.